இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில்

துளை போட்டவள் நான்.
தட்டச்சு செய்தவன் இந்த்ரெக்.
மேடைகளில் அவன் இதைச் சொல்வதில்லை.
மறைக்கிறான் என்றும் இல்லை,
பன்னிரண்டு நிமிடப் பேச்சில் துளைக்கு ஏது இடம்.

எங்கள் ஹீயுமா தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே
கடல் உறைந்தால் அதன்மேல் சாலை திறப்பார்கள்.
வேலி கிடையாது.
பனியில் நட்ட ஜுனிப்பர் கிளைகள்தாம் வழி.
இருக்கைப் பட்டி போடக் கூடாது,
மூழ்கினால் கதவைத் திறக்க உடம்பு சும்மா இருக்க வேண்டும்.
வேகம் இருபத்தைந்துக்குக் கீழே,
இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
நடுவில் ஓட்டினால்
அடித்தண்ணீரில் ஓர் அலை எழுந்து
வண்டியோடு கூடவே வரும்,
வந்து உடைக்கும்.

பதினேழு வயது எங்களுக்கு.
நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில்
அப்பாவின் மீன்துளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு போவேன்.
குளிரில் விறைத்த கைப்பேசிக்குள் அவன் குரல்:
"எவ்வளவு?"
"இருபத்து நாலு."
அவன் அம்மாவின் தையல் மேசைக்கு அடியில் கணினி,
அதன் சூட்டில் ஒரு பூனை,
எண் திரையில் ஏறும்.
அந்தக் குளிர்காலத்தில் ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.
தீவில் இருப்பதே
ஏறக்குறைய அவ்வளவு பேர்தான்.

பிறகு பேருந்து நேரம், காற்று, பின்லாந்தின் ஏரிகள்.
இருபத்திரண்டு வயதில் ஸ்டாக்ஹோமில் கையெழுத்து.
வாங்கியவர் கேட்டாராம், "இது எவ்வளவு பெரிதாகும்?"
"ஐரோப்பா முழுக்க" என்றானாம்,
ஐரோப்பாவில் பாதி உறைவதே இல்லை என்று தெரிந்தும்.
எட்டாம் மாதம் தளத்தை மூடினார்கள்.
அவர்களுக்கு வேண்டியிருந்தது
அவனிடம் இருந்த நான்கு பொறியாளர்கள்.
என் பங்கு நூற்றுக்கு நாலு.
வீட்டுக்குக் கூரை, தம்பியின் படகுக்கு எஞ்சின்.
குறை சொல்லவில்லை. கூரை இன்னும் ஒழுகவில்லை.

இப்போது தாலினில், பழைய மாவு ஆலைக்குள் அவன் அலுவலகம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
அவன் தொழில்
இருபது பேரின் காலை விட்டு ஆழம் பார்ப்பது.
பதினேழு மூழ்கும், அது முன்கூட்டியே கணக்கில் உண்டு.
இரண்டு எப்படியோ கரையேறும்.
ஒன்று கப்பல் வாங்கும்.
மூழ்கியவர்களை அவனே தொலைபேசியில் அழைப்பான்,
உதவியாளரிடம் விட மாட்டான்.
எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

போன வருடம் எங்கள் தீவிலிருந்து கெர்த்து போனாள்.
படகுத்துறை வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு செயலி.
"இது எவ்வளவு பெரிதாகும்?" என்று கேட்டிருக்கிறான்.
அவளுக்குப் பொய் வரவில்லை.
"தீவு அளவுக்கு."
நல்ல காபி கொடுத்தான், வாசல்வரை வந்தான்,
இல்லை என்றான்.
அவள் அதை எழுதி முடித்தாள்,
துறைமுகம் மாதாமாதம் கொடுக்கும் சொற்பத்துக்கு.

துறையில் வண்டிகளை வரிசைக்கு அனுப்புவது என் வேலை.
ஜனவரி கடைசியில் அவன் வந்தான்,
சத்தமே இல்லாத மின்சார வண்டியில், முன்பதிவு இல்லாமல்.
அம்மாவின் வீட்டை விற்கப் போகிறானாம்.
"மூன்றாம் வரிசை, இடம் இருந்தால்"
என்றது கெர்த்துவின் திரை.
யார் எழுதியது என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் நின்றான்.
கண்ணாடியை இறக்கி, கடலைப் பார்த்து,
பழைய குரலில்,
"எவ்வளவு?"
சாம்பல் நிற அலைகள் தூண்களில் மோதிக்கொண்டிருந்தன.
சாலை திறந்து வருடங்கள் ஆகிவிட்டன.
"பூஜ்யம்" என்றேன்.

அவன் எண் பச்சையாக மாறியது. கையசைத்தேன்.
சரிவில் ஏறுவதற்கு முன்
இருக்கைப் பட்டியைக் கழற்றினான், பார்த்தேன்.
இரும்புத் தளம்தான்,
ஆனாலும் இருபதைத் தாண்டவில்லை.